கலைச்சொல் விவாதம்: ‘அதிர்வுதாங்கி’யா, ‘தணிப்பி’யா?

மடல் 1

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பழைய சொகுசு மடிகூரைக் கார்களை வளைவுகளில் தடுமாறாமல் ஓடச்செய்வது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு 1989 முதல் 2001 வரை வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்எல் வரிசையான ஆர்129-ஐ எடுத்திருக்கிறேன். இரண்டு சொற்களில் நின்றுபோனேன். சஸ்பென்ஷனுக்கு இணையத்தில் பல இடங்களில் ‘இடைநீக்கம்’ என்று இருக்கிறது. ஊழியரை விசாரணை முடியும்வரை விலக்கிவைப்பதற்கு உரிய சொல், சக்கரத்தோடு எப்படிச் சேரும்? ஷாக் அப்சார்பருக்கு ‘அதிர்வுதாங்கி’, ‘அதிர்ச்சி உறிஞ்சி’ என்று இரண்டு கிடைக்கின்றன. முதலாவது காதுக்கு இதமாக இருப்பதால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்.

மடல் 2

வணக்கம்.

ஆட்சேபம் இருக்கிறது, வலுவாகவே இருக்கிறது. ‘இடைநீக்கம்’ பற்றி நீங்கள் சொன்னதே போதும். அகராதியின் முதல் பொருளை எந்திரம் எடுத்து ஒட்டியதால் வந்த வினை அது. என் கவலை எல்லாம் ‘அதிர்வுதாங்கி’ மேல்தான், ஏனென்றால் அது கேட்க நன்றாக இருந்துகொண்டே தவறான இயற்பியலைக் கற்பிக்கிறது.

காரின் எடையைத் தாங்குவது சுருள்வில். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது வரும் தாக்கத்தை முதலில் வாங்கிக்கொள்வதும் அதுவே. ஆனால் வில் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். அமுங்கிய வில் விரியும், விரிந்தது மீண்டும் அமுங்கும், வண்டி மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்குவதற்காக வைத்ததுதான் எண்ணெய் நிரம்பிய அந்தக் குழல். உள்ளே பிஸ்டன் நகரும்போது சிறு துளைகள் வழியாக எண்ணெய் நெருக்கியடித்துக்கொண்டு பாய்கிறது; ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. பிஸ்டன் நகராவிட்டால் எதிர்ப்பும் இல்லை. நிற்கும் காரை அது தாங்குவதில்லை. வாயு அழுத்தம் உள்ள குழல்களில் தண்டைச் சற்று வெளியே தள்ளும் விசை இருக்கும். ஆயினும் எடையைச் சுமக்கும் வேலை வில்லினுடையது.

இப்போது ‘அதிர்வுதாங்கி’ என்று படிக்கும் ஒருவர் என்ன நினைப்பார்? கார் பின்புறம் தாழ்ந்து நிற்கிறது என்றால் ‘தாங்கி’ போய்விட்டது, புதிதாக மாற்றினால் நிமிரும் என்று நினைப்பார். மாற்றிய பிறகும் கார் தாழ்ந்தே நிற்கும். பார்க்க வேண்டியது தளர்ந்த சுருள்வில்லையும், வில்லுக்கு மேல் வரும் ரப்பர் திண்டையும். உங்கள் ஆர்129-இல் அந்தத் திண்டு பல கனங்களில் வரும். உயரத்தைச் சரிசெய்வதற்கே அப்படி வைத்தார்கள். பெயர் பிழைத்தால் பழுதைத் தேடும் இடமும் பிழைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஆகவே என் முன்மொழிவு: தணிப்பி. விரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் அலைவுதணிப்பி. அலைவு என்பது ஆசிலேஷனுக்குப் பள்ளிப் பாடநூலிலேயே நிலைத்த சொல். ‘ஒடுக்கி’ என்றும் யோசித்தேன். ஆனால் ஒடுக்குவதில் ஒரே அமுக்காக அமுக்கிவிடும் பொருள் இருக்கிறது. வெயில் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது, சினம் தணிகிறது என்கிறோம். எல்லாம் படிப்படியாகக் குறைவது. அலைவின் வீச்சும் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாகக் குறைந்துதான் அடங்குகிறது. பாடநூலில் ‘தடையுறு அலைவு’ என்று உண்டு. எனக்கு அதில் மனநிறைவு இல்லை. தடை என்ற சொல்லை மின்னியல் முழுமையாக எடுத்துக்கொண்டுவிட்டது.

இந்த வேரைப் பிடித்தால் ஒரு குடும்பமே கிடைக்கிறது. தணிப்பு, தணிப்பு விகிதம், குறைதணிப்பு, மிகைதணிப்பு. சாலைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் மின்னணு வகைக்கு ‘தகவமைத் தணிப்பு’. ‘தாங்கி’யை வைத்துக்கொண்டு இவற்றில் ஒன்றையாவது உருவாக்கிப் பாருங்கள்.

முழு அமைப்புக்கு, அதாவது சஸ்பென்ஷனுக்கு, ‘தாங்கமைப்பு’ என்று வைக்கலாம். சிலர் ‘தொங்கலமைப்பு’ என்கிறார்கள். பழைய குதிரை வண்டிகளின் கூட்டைத் தோல்வார்களில் தொங்கவிட்ட காலத்துக்கு அது பொருந்தும். இன்றைய கார் வில்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வில்வண்டி என்ற சொல் நம்மிடம் நெடுநாளாக இருப்பதால் ‘வில்லமைப்பு’ என்ற ஆசையும் எனக்கு உண்டு. ஆனால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகள், அவற்றின் மூட்டுகளில் வரும் ரப்பர் உறைகளான புஷ்கள், பந்துமூட்டுகள் எல்லாவற்றையும் வில் என்ற ஒரு சொல்லுக்குள் அடைக்க முடியாது.

மடல் 3

அன்புள்ள ஐயா,

தாங்குவது வேறு, தணிப்பது வேறு என்பது மனத்தில் பதிந்துவிட்டது. ‘தாங்கமைப்பு’ ஏற்கிறேன். ‘தணிப்பி’யில் இரண்டு தயக்கம். ஒன்று, ‘தணிக்கச் செய்’ என்ற ஏவல்போல ஒலிக்கிறது. இரண்டு, பணிமனையில் ‘ஷாக்’ என்றால்தான் தெரியும். படித்துவிட்டுப் போய்த் தணிப்பி கேட்கும் வாசகர் திகைத்து நிற்பாரே?

இன்னொன்று. கட்டுரையில் ‘கடினமான வில் போட்டால் கார் நன்றாகத் திரும்பும்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். அதற்குத் தணிப்பியையும் மாற்ற வேண்டுமா?

மடல் 4

அன்புள்ள நண்பருக்கு,

ஏவல் ஐயம் நியாயமானது. ஆனால் ‘இணைப்பி’ என்று கனெக்டரைச் சொல்கிறோம். அதை யாரும் ஏவலாகப் படிப்பதில்லை. இணைப்பு, இணைப்பி, தணிப்பு, தணிப்பி. ஒரே வார்ப்பு. ‘தணிப்பான்’ என்றால் ஆண்பால் வினைமுற்று குறுக்கே வரும். அதனால் இகர ஈறே நல்லது. பணிமனைச் சொல்லைப் பற்றி: கட்டுரையில் முதல் முறை வரும் இடத்தில் ‘பணிமனைகளில் ஷாக் அப்சார்பர் என்று வழங்கும் தணிப்பி’ என்று எழுதிவிடுங்கள். அதன்பின் தயங்க வேண்டாம். புஷ்ஷை நான் தொடமாட்டேன். அது புஷ்ஷாகவே இருக்கட்டும். பொருளைத் திரிக்காத கடன்சொல்லோடு எனக்குப் பகை இல்லை.

கடினமான வில் பற்றிய வரியை அப்படியே வெளியிடாதீர்கள். சொகுசுக் காரின் உடல் நொடிக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 முறை அலையும்படி வில் அமைந்திருக்கும். அந்த அதிர்வெண், விறைப்பின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. வில்லின் விறைப்பை 44% கூட்டினால் அதிர்வெண் 20% கூடும். அப்போது அதே தணிப்பு விகிதம் வேண்டுமானால் தணிப்பியின் எதிர்ப்பும் 20% கூட வேண்டும். பழைய தணிப்பியை வைத்துக்கொண்டு வில்லை மட்டும் மாற்றினால் தணிப்பு விகிதம் இறங்கி, காரின் குறைதணிப்பு இன்னும் மிகும். மேடுபள்ளமான வளைவில் சக்கரம் சாலையை விட்டு விட்டுப் பிடிக்கும். ‘குறைதணிப்பு’ என்ற சொல் கையில் இருப்பதால் இதை ஒரே வரியில் சொல்ல முடிகிறது பாருங்கள்.

முன்வில்லும் பின்வில்லும் ஒரே அதிர்வெண்ணில் இருக்கக் கூடாது என்பதையும் சேருங்கள். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது. பின்புறம் சற்று விரைவாக அலைந்தால்தான் முன்புறத்தை எட்டிப்பிடித்து, இரண்டும் ஒன்றாக அடங்கும். 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் மோரிஸ் ஆலி ஆராய்ந்து நிறுவிய விதி இது. முன்பக்கத்துக்கு மட்டும் கடின வில் வாங்கிப் போடுகிறவர்கள் இதைத்தான் கெடுக்கிறார்கள்.

மடிகூரைக் காருக்கு இதற்கும் மேலே ஒரு சிக்கல். நிலையான கூரை இல்லாத கூடு, முறுக்கத்துக்கு எளிதில் இசையும். வில்லை விறைப்பாக்கினால் சாலையின் உதை கூட்டுக்குள் ஏறி, கண்ணாடிச் சட்டமும் கதவும் நடுங்கும். கூடே ஒரு தணிப்பியில்லாத வில்லாகிவிடுகிறது. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் புஷ், பந்துமூட்டு, தணிப்பியின் தலைத்திண்டு ஆகியவற்றில் தேய்ந்ததை மாற்ற வேண்டும். 20, 30 ஆண்டு கண்ட ரப்பர் வெடித்துப்போயிருக்கும். பல கார்கள் இந்த இடத்திலேயே பாதி சரியாகிவிடும். அடுத்து நல்ல தணிப்பிகள். கூட்டின் அடியில் பிணைப்புச் சட்டம் போடுவதானால் அதையும் வில்லுக்கு முன்பே செய்துவிட வேண்டும். வில்லை மாற்றுவது கடைசியில், அதுவும் அளவாக. இவ்வளவும் முடிந்து வீல் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் செய்தது வீண்.

ஆன்ட்டி ரோல் பாருக்கு ‘உருள்தடுப்பு’ வேண்டாம். கார் உருள்வதைத் தடுக்கும் பொருள் என்று வாசகர் எண்ணிவிடுவார். வளைவில் உடல் சாய்வதைத்தான் அது எதிர்க்கிறது. ‘சாய்வெதிர்த் தண்டு’ என்கிறேன். அது உண்மையில் ஒரு முறுக்குவில். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 22 மி.மீ. திண்மத் தண்டை 25 மி.மீ. ஆக்கினால் விறைப்பு சுமார் 67% கூடிவிடும். மூன்று மில்லிமீட்டர்தானே என்று எண்ணிவிடக் கூடாது.

உங்கள் ஆர்129 சிலவற்றில் ஏடிஎஸ் என்ற தகவமைத் தணிப்பு இருக்கும். அதில் நைட்ரஜன் அடைத்த கோளங்கள் உண்டு. அவற்றில் வாயு குறைந்தால் கார் கட்டைபோல் குதிக்கும். அது தணிப்பியின் குற்றம் அன்று. வாயுவில்லாகப் பணிபுரியும் கோளம் செத்துவிட்டது என்று பொருள். ‘அதிர்வுதாங்கி போய்விட்டது’ என்று எழுதினால் வாசகர் தவறான உறுப்பை வாங்கிவருவார்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன அந்தக் கூட்டின் நடுக்கத்துக்கு இன்னும் பெயர் இல்லை. ‘கூட்டுநடுக்கம்’ என்றால் பலர் சேர்ந்து நடுங்குவதாகிவிடும். ‘உடல்நடுக்கம்’ என்றால் காய்ச்சல் நினைவு வரும். ‘முகப்பு நடுக்கம்’ சரியாக இருக்குமா என்று மற்றவர்களும் சொல்லட்டும்.

அன்புடன்.