தறிக்குடோன் பக்கத்தில் ஓப்பன் பேக் ஹெட்போன்: சென்ஹைசர் எச்டி 800 எஸ்ஸா, ஆடீஸ் எல்சிடி எக்ஸா?

பல்லடம் தறிக்காரன் | சனி, இரவு 9.50

வணக்கமுங்க. இத்தனை வருசம் போனோடு வந்த இயர்போனிலேயே பாட்டுக் கேட்டுக் காலத்தை ஓட்டிவிட்டேன். இந்தத் தடவை தறிக்கூலி ஒழுங்காகக் கைக்கு வந்ததில் ஒன்றரை லட்சம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டில் தொகை தெரியாது.

போன ஞாயிறு பீளமேட்டில் ஒரு நண்பர் வீட்டில் எச்டி 800 எஸ், எல்சிடி எக்ஸ் இரண்டையும் தலா ஒரு மணி நேரம் கேட்டேன். ஓப்பன் பேக் பழக்கமில்லாதவர்களுக்கு: காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைப்பில்லாமல் வலையாக இருக்கும். காற்று உள்ளே அடைபடாததால் பாட்டு மண்டைக்குள் முட்டிக்கொண்டு நிற்காது.

எச்டி 800 எஸ்ஸில் நாதஸ்வரக் கச்சேரி போட்டால் நாயனம் ஒரு பக்கம், தவில் ஒரு பக்கம், நடுவில் தாளம் போடுகிறவர் காலை நீட்டி உட்காரலாம், அவ்வளவு இடம். எல்சிடி எக்ஸில் இடம் கம்மி. ஆனால் தவிலின் தொப்பி அடி நெஞ்சில் வந்து விழுந்தது.

நான் கேட்பது நாதஸ்வரம், மிருதங்கத்தோடு வாய்ப்பாட்டு, எண்பதுகளின் சினிமாப் பாட்டு, எங்கள் ஊர் நோம்பியில் நானே பதிவு செய்த உறுமி, பம்பை. நேரம் ராத்திரி 10 முதல் 12. வீட்டை ஒட்டியே குடோன், 24 நாடா தறி. எதை வாங்கட்டும்?

ஈரோட்டு மஞ்சள் | இரவு 10.05

எல்சிடி எக்ஸ். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

உறுமி கேட்கிற மனுசன் எக்ஸ் மாதிரி பிளேனார் வகைதான் வாங்க வேண்டும். சாதாரண டிரைவரில், அதாவது ஓசை எழுப்பும் பாகத்தில், கூம்பின் நடுவில் ஒரு சுருள் கிடந்து தள்ளும். பிளேனாரில் மெல்லிய சவ்வின் மேலேயே மின்தடம் ஓடுகிறது, காந்தப்புலத்தில் சவ்வு முழுக்க ஒன்றாக அசைகிறது. சவ்வின் அகலம் 106 மில்லிமீட்டர். அந்தப் பக்கம் சென்ஹைசருக்கு 56. அடித்தொனி, அதான் பேஸ், கடைசிவரை சரியாமல் நிற்கும். இன்னொன்று, எக்ஸின் மின்தடை வெறும் 20 ஓம். போனில் சொருகினாலே பாடும். 800 எஸ் 300 ஓம், அதற்கு ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கும் பெட்டி, தனியாகத் தேட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு | இரவு 10.18

மஞ்சளண்ணா ஒரு கணக்கை மட்டும் விட்டுவிட்டார். எல்சிடி எக்ஸ் 612 கிராம். எங்கள் தோப்பில் மட்டை உரித்த நல்ல காய் ஒன்று ஏறக்குறைய அந்த எடை வரும். ராத்திரி இரண்டு மணி நேரம் தேங்காயைத் தலையில் கட்டிக்கொண்டு உட்காருவீர்களா? எச்டி 800 எஸ் 330 கிராம்.

ஈரோட்டு மஞ்சள் | இரவு 10.24

தேங்காயைக் கட்டினால் ஒரே இடத்தில் அழுத்தும். எக்ஸில் உச்சந்தலைக்கு அகலமான பட்டை இருக்கிறது, எடை பரவிவிடும். நான் மூன்று மணி நேரம் கேட்பேன், கழுத்து அதே இடத்தில்தான் இருக்கிறது.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு | இரவு 10.41

உங்கள் கழுத்து மஞ்சள் மூட்டை பார்த்த கழுத்துங்க அண்ணா, அதைக் கணக்கில் எடுக்க முடியாது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நானும் ஒரு கனமான பிளேனாரை எட்டு மாதம் வைத்திருந்தேன். முதல் அரை மணி நேரம் சொர்க்கம். அப்புறம் நம்மை அறியாமலே கை மேலே போய் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும். கை தூக்க ஆரம்பித்துவிட்டால் பாட்டில் கவனம் போய்விட்டது என்று அர்த்தம். சித்திரை மாதத்தில் இன்னும் மோசம். காதைச் சுற்றி உட்காரும் மெத்தை, அதான் பேடு, தடித்த தோல், உள்ளே வேர்வை, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கழற்றித் துண்டால் துடைக்க வேண்டியது. கடைசியில் விற்றுவிட்டு 800 எஸ் வாங்கினேன். அதன் கிண்ணம் பெரியது, காது மடல் எதிலும் படாது. டிரைவரும் காதை விட்டுத் தள்ளி, சாய்வாக உட்கார்ந்திருக்கிறது. தறிக்காரண்ணன் சொன்ன அந்த இடவசதியில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. சொகுசும் ஓசையும் வேறு வேறு என்று பேசுகிறோம். இதில் இரண்டும் ஒரே காரணத்தால் வருகிறது.

கோபி வீணை | இரவு 11.02

நடுவில் வருகிறேன், மன்னிக்க வேண்டும். உங்களில் யாரும் கண்ணாடி போடுவதில்லை போலிருக்கிறது.

கண்ணாடிக் காம்பு பேடுக்கு அடியில் போனால் ஒரு சின்ன இடைவெளி விழும். பிளேனார்காரர்கள் பெருமையாகப் பேசும் அடித்தொனி அந்த வழியாகத்தான் முதலில் நழுவும். எனக்குக் கொண்டையும் உண்டு, தேங்காய் எண்ணெயும் உண்டு. வெல்வெட் பேடு எண்ணெயைக் குடித்துக் குடித்து ஒரு வருசத்தில் அப்பளமாகிவிடுகிறது. பேடு சப்பையானால் டிரைவர் காதுக்கு நெருங்கி வந்து ஓசையே மாறிவிடும். அதனால் நான் பார்ப்பது பேடு மாற்றுவது சுலபமா, கேபிள் கழன்று வருமா என்பதைத்தான்.

நான் வைத்திருப்பது சென்ஹைசரின் எச்டி 600. 1997-இல் வந்த மாடல், 260 கிராம். புதிதில் இரண்டு பக்கமும் இடுக்கிப் பிடித்தது. நான்கைந்து புத்தகங்களை அடுக்கி அதன்மேல் ராத்திரி முழுக்க மாட்டி வைத்துத் தளர்த்தினேன். இப்போது மாணவர்களின் பதிவுகளை இதில்தான் கேட்டுத் திருத்துகிறேன். மீட்டிய விரல் தந்தியை விட்டு எப்போது எழுந்தது என்பது வரை தெரிகிறது. விலை முப்பதாயிரம் பக்கம். ஒன்றரை லட்சக்காரர்கள் சிரிக்கலாம்.

ஈரோட்டு மஞ்சள் | இரவு 11.09

சிரிக்கவில்லைங்க அக்கா. ஆனால் எச்டி 600-இல் அடித்தொனி கீழே போகப் போக இறங்கிவிடும். வீணைக்குப் போதும், உறுமிக்குப் போதாது.

கோவை பம்புசெட் | ஞாயிறு, காலை 7.30

உறுமி, தவில், மிருதங்கம் எதிலும் 30, 40 ஹெர்ட்ஸில் பெரிய சரக்கு கிடையாதுங்க. நெஞ்சில் விழுந்த அடி அதற்கு மேலே இருப்பது. சி.வி. ராமன் 1920-லும் பிறகு 1934-லும் நம் தோல்வாத்தியங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் மேல்தொனிகள் தாறுமாறாக விழும். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் கருஞ்சோறு என்ற கரிய பூச்சை ஏற்றியதால் அவை அடிப்படைத் தொனியின் இரு மடங்கு, மும்மடங்கு என்று ஒழுங்குக்கு வந்துவிட்டன. மிருதங்கம் சுருதியோடு சேர்வது அதனால்தான். அந்த மடங்குகள் எல்லாம் நடுத்தொனிப் பகுதியில் கிடக்கின்றன. நடுத்தொனி சுத்தமாக இல்லாத ஹெட்போன் எத்தனை அகலச் சவ்வு வைத்திருந்து என்ன?

பொள்ளாச்சித் தம்பிக்கும் ஒன்று. 2009-இல் வந்த பழைய எச்டி 800-க்கு 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருந்தது, அந்த இடத்தில் மட்டும் சத்தம் தூக்கலாக வரும். நாதஸ்வரம் காதைக் கிழிக்கும். 2016-இல் வந்த எஸ்ஸில் அதை உறிஞ்ச ஏற்பாடு செய்தார்கள். மேடு தணிந்தது, மேல்தொனி இன்னும் கொஞ்சம் பளிச்சென்றுதான் இருக்கும். அந்தப் பளிச்சும் சேர்ந்துதான் 'இடம் நிறைய இருக்கிறது' என்று நினைக்க வைக்கிறது.

என் யோசனை: எதை வாங்கினாலும் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ போடுங்கள், எந்தத் தொனி எவ்வளவு வர வேண்டும் என்று ஏற்றி இறக்குகிற மென்பொருள், காசு கிடையாது. ஹார்மன் என்ற ஆடியோ கம்பெனியில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் ஆட்களை உட்கார வைத்துக் கேட்டுக் கண்டுபிடித்த வளைகோடு இருக்கிறது. பெரும்பாலோருக்கு எந்தச் சமநிலை பிடிக்கிறது என்பது அதில் தெரியும். எச்டி 600-ஐக்கூட அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம். ஈக்வலைசரால் கிராமைக் குறைக்க முடியாது. ஆகவே இலேசானதை வாங்குங்கள்.

ஈரோட்டு மஞ்சள் | காலை 8.15

ரசத்தில் உப்பு சரியில்லை என்றால் போட்டுக்கொள்ளலாம். புளியே இல்லாத ரசத்துக்கு என்ன செய்வீர்கள்? அடித்தொனியைச் சும்மா ஏற்றினால் சின்ன டிரைவர் திணறும். எக்ஸில் ஏற்றினாலும் அசையாது. அதற்குத்தான் பணம்.

கோவை பம்புசெட் | காலை 8.22

அது உண்மை. மறுக்கவில்லை.

திருப்பூர் பனியன் | காலை 9.40

நேற்று ராத்திரியிலிருந்து படிக்கிறேன். கிராம், ஹெர்ட்ஸ், ராமன் எல்லாம் வந்தாயிற்று. 24 நாடா தறி ஓடுகிற சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஓப்பன் பேக் கேட்கப்போகிறவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே! அது ஓட்டைக் குடம். வெளியே இருக்கிற 'டக்கடி டக்கடி' அப்படியே உள்ளே வரும். மூடிய ஹெட்போன் வாங்கச் சொல்லுங்கள், பேச்சை முடியுங்கள்.

கோபி வீணை | காலை 9.52

உள்ளிருப்பதும் வெளியே போகும். வீட்டுக்காரம்மா பக்கத்தில் தூங்கினால் அவரும் கச்சேரி கேட்பார். தொகை தெரியாவிட்டாலும் மற்றது தெரிந்துவிடும்.

பல்லடம் தறிக்காரன் | மதியம் 1.15

பனியன் தம்பி கேட்டது நியாயம். ஆனால் எனக்குத் தறிச்சத்தம் சத்தமாகவே படுவதில்லைங்க. பிறந்ததிலிருந்து அதில்தான் தூக்கம். தறி நின்றால்தான் முழிப்பு வரும். போனில் சத்தம் அளக்கிற ஒரு மீட்டர் போட்டுப் பார்த்தேன். என் அறையில் ஜன்னல் திறந்தால் 68 டெசிபல், சாத்தினால் 61. குடோனுக்குள் 97 காட்டியது.

கோவை பம்புசெட் | மதியம் 1.40

அண்ணா, ஹெட்போனை ஒரு பக்கம் வையுங்கள். 97-ஆ?

எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது பொதுவாகச் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு. அந்தக் கணக்கில் 97-க்கு அரை மணி நேரம். போன் மீட்டர் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும், அதற்காக அரை மணி ஒரு நாளாகிவிடாது. நீங்கள் எத்தனை வருசமாக உள்ளே நிற்கிறீர்கள்?

இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் அடிவாங்குவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம். பேச்சு ஓரளவு கேட்டுக்கொண்டே இருப்பதால் ஆளுக்கே தெரியாது. நாங்கள் மேடு, பள்ளம் என்று ஹெட்போனுக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். பள்ளம் உங்கள் காதிலேயே இருக்கலாம். ஒன்றரை லட்சத்துக்கு முன்னால் ஒரு ஆடியோகிராம், அதாவது காது கேட்கும் திறன் சோதனை, எடுத்துவிடுங்கள், சில நூறு ரூபாய்தான்.

திருப்பூர் பனியன் | மதியம் 1.44

நான் ஓட்டைக் குடத்தோடு நிறுத்தியிருக்கக் கூடாது. போய்வாருங்கள் அண்ணா.

பல்லடம் தறிக்காரன் | பதினோரு நாள் கழித்து, இரவு 8.30

போய்வந்தேன். கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு இடத்தில் ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்தப் பொண்ணு மறந்துவிட்டது போல என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அது திருகைத் திருகிக்கொண்டேதான் இருந்தது.

தாளில் கோடு நேராக வந்து, 4000-இல் தொபுக்கென்று விழுந்து, 8000-க்கு மறுபடி ஏறுகிறது. வலது காது 35 டெசிபல், இடது 45. தறிக்கு இடதுபக்கம் காட்டித்தான் நிற்பேன். போனது வராது, இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். இப்போது குடோனுக்குள் இயர் பிளக் இல்லாமல் போவதில்லை. தறி ஓட்டுகிற ஆட்களுக்கும் வாங்கிக் கொடுத்தேன். ஒருவர் மட்டும் போட மாட்டேன் என்கிறார். நூல் அறுந்தால் சத்தத்திலேயே தெரியணுமாம்.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு | இரவு 8.47

கேட்கக் கஷ்டமாக இருக்கிறதுங்க அண்ணா. ஒன்று சொல்லலாமா? அப்படியானால் மேல்தொனி பளிச்சென்று இருக்கிற 800 எஸ்தானே உங்களுக்குப் பொருந்தும்?

கோவை பம்புசெட் | இரவு 8.55

தம்பி, அடிபட்ட இடத்தில் இன்னும் சத்தம் ஏற்றுவது வைத்தியம் ஆகாது. குறைந்த சத்தத்தில் நிம்மதியாகக் கேட்பதற்கு வழி பார்க்க வேண்டும். அதற்கு அறை அமைதியாக வேண்டும். 61 டெசிபலில் உட்கார்ந்தால் எந்த ஹெட்போனானாலும் கை தானாக வால்யூமை ஏற்றும். குடோன் பக்கத்து ஜன்னலை முதலில் பாருங்கள் அண்ணா.

பல்லடம் தறிக்காரன் | இரவு 9.30

அமைதியான அறையில் கேட்டும் பார்த்துவிட்டேன். நேற்று எங்கள் பகுதியில் மாதாந்திர மின்தடை, காலை 9-லிருந்து. பீளமேட்டு நண்பர் இரண்டையும் கொண்டுவந்தார், அக்கா தன் 600-ஐக் கூரியரில் அனுப்பியிருந்தார். 24 தறியும் நின்றன. லேப்டாப் பேட்டரியில் கேட்டோம்.

முதல் முறையாக 800 எஸ்ஸில் கச்சேரி தொடங்கும் முன்னால் தம்பூராவுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது. எல்சிடி எக்ஸில் என் உறுமிப் பதிவைப் போட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். கோலால் தோலை இழுக்கிற இழுப்பு இழுப்பாகவே இருந்தது. மஞ்சளண்ணன் சொன்னது பொய் இல்லை. ஆனால் ஃபேனும் நின்றுவிட்டதே. நாற்பது நிமிடத்தில் பேடுக்குள் குளம். நூல் கோன் எடை போடும் தராசில் எக்ஸை வைத்துப் பார்த்தேன், கேபிளோடு 700 கிராமைத் தாண்டியது. எச்டி 600-ஐ மாட்டியதை மட்டும் மறந்தே போனேன், மின்சாரம் வந்து தறி ஓடும் வரை கழற்றவில்லை.

எச்டி 600-க்கு ஆர்டர் போட்டுவிட்டேன். ஒரு சின்ன ஆம்பும். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைக்கக் கொத்தனார் நாளை வருகிறார்.

ஈரோட்டு மஞ்சள் | இரவு 9.41

ஒன்றரை லட்சத்தை வைத்துக்கொண்டு செங்கல் வாங்குகிற முதல் ஆடியோ ரசிகர் நீங்கள்தானுங்க. எழுந்து நின்றேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதை நான் விடப்போவதில்லை. அடுத்த மின்தடை எந்தத் தேதி? எக்ஸோடு ஒரு பேட்டரி ஃபேனும் எடுத்து வருகிறேன். தராசை மட்டும் வெளியே எடுக்காதீர்கள்.