அனில்ஸ் கோஸ்ட்: ஒண்டாச்சி நழுவினாரா?

கரையோரன்:
மைக்கேல் ஒண்டாச்சியின் 'அனில்ஸ் கோஸ்ட்' நாவலை (2000) இரண்டாம் முறை வாசித்தேன். ஏமாற்றம் கூடித்தான் போனது. 1992இல் 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' புக்கர் பரிசு வாங்கியபின் உலகமே அவர் பேச்சைக் கேட்கத் தயாராக இருந்தது. பிறந்த நாடான இலங்கையின் போரை எழுத வந்தவர், முன்குறிப்பிலேயே அரசு, தெற்கின் கிளர்ச்சியாளர்கள், வடக்கின் கெரில்லாக்கள் என மூன்று தரப்பையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார். வெளிநாட்டிலிருந்து திரும்பும் தடயவியல் நிபுணரான அனில் என்ற பெண், அவளோடு வேலை செய்யும் தொல்லியலாளர் சரத், அவர் தம்பி டாக்டர் காமினி, சிற்பி ஆனந்தா நால்வரும் சிங்களவர். அனிலின் தமிழ் ஆயா லலிதா ஒரு காட்சியோடு சரி. முடிவில் புத்தர் சிலைக்குக் கண் திறக்கிறார்கள். வடக்கில் செத்தவர்கள் எங்கே?

சொல்மழை:
நழுவினார் என்பதை ஏற்கவே மாட்டேன். அனிலும் சரத்தும் ஆராயும் எலும்புக்கூடு எங்கே கிடைக்கிறது? அரசின் அனுமதி இல்லாமல் யாரும் நுழைய முடியாத தொல்லியல் பகுதியில். பழைய எலும்புகளுக்கு நடுவே ஒரு புதிய எலும்புக்கூடு. கொன்றது யார் என்பதை இதைவிட எப்படிச் சொல்ல வேண்டும்? கொழும்பில் அதிகாரிகள் நிறைந்த அறையில், எங்களில் நூற்றுக்கணக்கானோரை நீங்கள் கொன்றீர்கள் என்கிறாள் அனில். உட்கார்ந்து கேட்கும் சரத்துக்கு அந்த 'எங்களில்' தான் காதில் விழுகிறது. 15 வருடம் வெளிநாட்டில் இருந்தவள் கடைசியில் நம்மவள் ஆகிவிட்டாள் என்று நினைக்கிறான். நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுத இடம் அது.

பழஞ்சுவடி:
அவர் பின்னணியையும் பாருங்கள். 1943இல் கொழும்பில் பறங்கியர் (ஐரோப்பியக் கலப்பு வம்சத்தவர்) குடும்பத்தில் பிறந்தவர். டச்சு, தமிழ், சிங்களம் மூன்றும் கலந்த வம்சம். 11 வயதில் இங்கிலாந்து, 1962இல் கனடா. குடும்பத்தைப் பற்றிய 'ரன்னிங் இன் தி ஃபேமிலி'யில் (1982) ஒரு தகவல் வரும்: வைத்தியரான முன்னோர் ஒருவர் ஆளுநரின் மகளை மூலிகையால் குணப்படுத்தினாராம். நிலமும் அந்நிய மனைவியும் கிடைத்தன, சொந்தப் பெயரும் டச்சு எழுத்துக்கூட்டலில் திரும்பி வந்தது. இப்படிப்பட்டவரிடம் ஒரு தரப்பின் சாட்சியத்தை எதிர்பார்ப்பது நியாயமா? அப்புறம், அவர் முதலில் கவிஞர். அவருடைய நாவல்கள் துண்டு துண்டாக நகர்வது அதனால்தான்.

கரையோரன்:
பழஞ்சுவடி ஐயா, கலப்பு வம்சம் என்பதால்தான் கூடுதலாக எதிர்பார்க்கிறேன். எல்லா வீட்டுக்குள்ளும் போய்வரக்கூடியவர் அவர். சொல்மழை சொன்ன தொல்லியல் பகுதி சரிதான், நான் அதைக் கவனமாக வாசிக்கவில்லை. ஆனால் அந்த 'எங்களில்' லலிதாவும் உண்டா? நாவல் எனக்குப் பதில் சொல்லவில்லை. புக்கர் பணத்தில் தாயின் குடும்பப் பெயரில் இலங்கை எழுத்தாளர்களுக்காக அவர் நிறுவிய கிரேஷன் பரிசும் ஆங்கிலப் படைப்புக்குத்தான். தமிழில் எழுதுகிறவர் மொழிபெயர்ப்பு வழியாகத்தான் அங்கே நுழைய முடியும்.

சொல்மழை:
பரிசு விஷயத்தில் உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. புத்தர் சிலையில் மட்டும் விடமாட்டேன். சடங்கு உடைக்குள்ளே ஆனந்தா போட்டிருப்பது செத்துப்போன சரத்தின் சட்டை. அனிலைக் காப்பாற்றி உயிரை விட்டவனின் சட்டை. அதை உடுத்தியபடி உளி பிடிக்கிறவனை மதப் பிரசாரம் செய்கிறான் என்று சொல்ல முடியுமா?

கரையோரன்:
சட்டை ஞாபகம் இருக்கிறது. அது என்னையும் தொட்டதுதான். ஆனாலும் லலிதாவுக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்திருக்கலாம், அவ்வளவுதான்.