பனிமலைக்கு மீட்புச் சாமான்: ஷாக்கிள் பின்னைக் கால் சுற்று தளர்த்தணுமா, கூடாதா?

பனிச்சக்கரம்:
வாட்ஸ்அப்ல ஒரு பட்டியல் சுத்துது. "குளிர்கால மலைப்பயணமா? கைனெட்டிக் கயிறு ஒண்ணு, ஸ்டீல் ஷாக்கிள் ரெண்டு, டிராக்‌ஷன் போர்டு ஒரு ஜோடி போதும். ஷவல் வீண் சுமை. ஷாக்கிள் பின்னை இறுக்கிட்டுக் கால் சுற்று தளர்த்தி விடுங்க, இல்லேன்னா இழுத்த பிறகு கழட்ட முடியாது." புதுசா படிக்கறவங்களுக்கு: ஷாக்கிள்ங்கறது கயிறையும் வண்டியையும் இணைக்கற U வடிவ இரும்பு வளையம், அதோட வாயை மூடற திருகுதான் பின். கைனெட்டிக் கயிறு இழுத்தா நீண்டு சுருங்கற கயிறு, டிராக்ஷன் போர்டு சக்கரத்துக்கு அடியில பிடிக்காக வைக்கற பல் வெச்ச பலகை. அந்தப் பட்டியலை நம்பி ஆளுங்க மலையேறப் போறாங்கங்கறதுதான் வயித்தெரிச்சல்.

ஷவல் வீண் சுமையா? ஆழமான பனியில வண்டி சிக்கறதே பெரும்பாலும் அடிவயிறு பனிமேல உட்கார்ந்துடறதாலதான். சக்கரம் சும்மா சுத்தும். அள்ளாம இழுத்தா வண்டியோட எடையோட முன்னால குவியற பனியையும் சேர்த்து இழுக்கணும். முதல் வேலை புகைக்குழாய் வாயைச் சுத்தம் பண்றது. அது அடைபட்டு இன்ஜின் ஓடினா கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள்ள வரும். அடுத்து, வண்டி எந்தப் பக்கம் வெளிய வரணுமோ அந்தப் பக்கம் நாலு சக்கரத்துக்கும் சரிவா வழி வெட்டணும். கடைசியில வயித்துக்கு அடியில. இதுக்கெல்லாம் இரும்புத் தகடு வெச்ச ஷவல் வேணும். பிளாஸ்டிக் ஷவல் புதுப்பனிக்கு ஆகும், ஓரத்துல ஒதுக்கி விட்டு ராத்திரியில இறுகின மேட்டுல அடிச்சா பிளந்துடும்.

இதையெல்லாம் விட மோசம் அந்தக் கால் சுற்று. பின்னோட தோள் (தலைக்குக் கீழ இருக்கற தடிப்பு) ஷாக்கிள் காதுல (பின் நுழையற ஓட்டை உள்ள முனை) ஒட்டி உட்காரணும். தளர்த்தக் கூடாது.

கயிறுகாரன்:
ஷவல்ல எனக்குச் சண்டை இல்ல. ஆனா பின் விஷயத்துல நீங்க பேசறது கிரேன் வேலைக்கான விதி. அங்க பாரம் தலைக்கு மேல தொங்கும், நாள் முழுக்க அதிர்வுல இருக்கும். இங்க ஒரு இழுப்பு, சில நொடி, முடிஞ்சுது. 22 மி.மீ. பின்ல கால் சுற்றுன்னா ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. அதனால என்ன பலம் குறைஞ்சுடும்? அதே சமயம் மரையில ஈரம் உறைஞ்சுபோச்சுன்னா, கையுறை போட்ட கையால அந்தப் பின்னை அசைக்க முடியாது. நாலு சக்கர வண்டி ஓட்டறவங்க பலபேர் கால் சுற்று தளர்த்தித்தான் விடறாங்க. அவங்க எல்லாரும் மடையங்களா?

பனிச்சக்கரம்:
பலத்தைப் பத்தி நான் வாயே திறக்கல. பின் சுழலும், அதுதான் பிரச்சனை.

பனியில ஒரு இழுப்புல எந்த வண்டி வருது? இழுத்து, கயிறு தொய்ஞ்சு, ஷாக்கிள் கவிழ்ந்து தொங்கி, மறுபடி விறைக்கும். அந்தக் கவிழ்தல்லதான் தளர்ந்த பின் சுழலும். கயிற்றோட கண்ணை (நுனியில இருக்கற வளையம்) பின் மேல மாட்டினா இன்னும் மோசம், கயிறு நகரும்போது பின்னையும் சேர்த்துத் திருப்பும். வண்டியோட மீட்புக் கொக்கி (இழுக்கறதுக்காக வண்டியில இருக்கற ஓட்டை போட்ட இடம்) பின்லயும், கயிற்றுக் கண் ஷாக்கிளோட வளைவுலயும் இருக்கணும்.

பின் கழட்ட வராததுக்குக் காரணம் வேற. ஸ்பானர் போட்டு முறுக்கறது, மரையில மண்ணும் பனிக்கட்டியும் இருக்கறது, பக்கவாட்டுல இழுத்துப் பின் வளையறது, எடை முத்திரையே இல்லாத ஷாக்கிள் வாங்கறது. 19 மி.மீ. உடம்பும் 22 மி.மீ. பின்னும் உள்ள நல்ல ஷாக்கிள்ல 4.75 டன்னு முத்திரை இருக்கும். அது வேலைப் பாரம்தான், உடையற பாரம் அதைப்போல ஆறு மடங்கு. அது ஒரு இழுப்புல இறுகி நிக்காது. மாட்டறதுக்கு முன்னாடி மரையைத் துடைச்சு, கையால தோள் ஒட்டற வரை திருப்பினா போதும்.

புதுவழி:
ஒரு சந்தேகம். வண்டியோட மொத்த எடை எவ்வளவுன்னு யாருமே சொல்லலையே? பனின்னு சொல்றது தூள்பனியா, மிதிபட்டு இறுகினதா, கண்ணாடி மாதிரி ஐஸா? அதைப் பொறுத்துதானே எல்லாம் மாறும்?

நாலுக்குநாலு:
இன்னும் ஸ்டீல் ஷாக்கிளைக் கட்டிக்கிட்டு அழறீங்க. நார்க்கயிறுல முடிச்சும் கண்ணும் வெச்சுச் செஞ்ச சாஃப்ட் ஷாக்கிள் வாங்கிப் போடுங்க, பின்னும் இல்ல, மரையும் இல்ல, சண்டையும் இல்ல. கைக்குள்ள மடங்கும். கொக்கி பிய்ஞ்சு கயிறு திரும்பி வந்தா அதோட ஸ்டீல் ஷாக்கிளும் சேர்ந்து பறந்து வராது.

பனிச்சக்கரம்:
அது விறைச்சுப்போறதை மட்டும் விட்டுட்டீங்க. நனைஞ்ச சாஃப்ட் ஷாக்கிள் உறைஞ்சா முடிச்சுல இருந்து கண்ணை விரிக்கவே முடியாது. கொக்கியோட ஓட்டை விளிம்பு கூரா இருந்தா நாரை அறுத்துடும். தகடு வெட்டிப் போட்ட கொக்கிகள்ல அந்த விளிம்பை உருட்டித் தேய்ச்சிருக்காங்களான்னு விரலால தடவிப் பார்க்கணும். விளிம்பு உருண்டையா இருக்கற கொக்கிக்கு சாஃப்ட், தகட்டுக் கொக்கிக்கு ஸ்டீல். ஸ்டீல் போடறவன் பின்னை முழுசா உட்கார வைக்கணும்.

நாலுக்குநாலு:
எதைச் சொன்னாலும் கடைசியில அந்தப் பின்னுக்குத்தான் வருவீங்க. டயர் காத்து விவாதத்துலயும் இதேதான் பண்ணீங்க. 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கலாம்னு நான் சொன்னதுக்கு ரெண்டு நாள் திட்டிட்டு, அப்புறம் நீங்களே அதே எண்ணை எழுதினீங்க.

பனிச்சக்கரம்:
கம்ப்ரஸர் இல்லாம இறக்காதீங்கன்னுதான் அப்பவும் சொன்னேன், இப்பவும் சொல்றேன். இறக்கின டயரோட தார்ச்சாலைக்குத் திரும்பி வேகமா ஓட்டினா பக்கச்சுவர் சூடாகும், வளைவுல டயர் ரிம்மை விட்டுக் கழன்றுடும். டயர் மேல பனிச் செயின் மாட்டப் போறீங்கன்னா காத்து இறக்கவே கூடாது, செயின் தளர்ந்து வீல் ஆர்ச்சுல அடிக்கும். "கம்ப்ரஸரோட"ங்கற வார்த்தையை நீங்க அன்னிக்கு எழுதவே இல்ல.

சரிவுப்பாதை:
நீங்கள் மூவரும் ஷாக்கிளில் நிற்கிறீர்கள். மலைப்பாதையில் கைனெட்டிக் கயிறே சரியான தேர்வா என்பதை யாரும் கேட்கவில்லை. அந்த நைலான் கயிறு 30 சதவீதம் வரை நீளும். நீண்ட கயிறு சுருங்கும்போது சிக்கிய வண்டி துள்ளிக்கொண்டு வெளியே வரும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், தரையில் ஐஸ் என்றால் துள்ளி வந்த வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்? இழுக்கும் வண்டிக்கும் பிடி வேண்டும். அது செயின் இல்லாமல் ஐஸில் நின்றுகொண்டு வேகம் எடுத்தால் இரண்டும் சேர்ந்து சறுக்கும். பள்ளத்தின் ஓரத்தில் வின்ச்சோ (கயிறைச் சுருட்டி இழுக்கும் பொறி), கையால் இயக்கும் லீவர் வின்ச்சோதான் வேண்டும். அங்குலம் அங்குலமாக இழுக்கலாம், எந்த நொடியிலும் நிறுத்தலாம்.

கயிறுகாரன்:
வின்ச்சை எதுல கட்டுவீங்க? மரம் இல்லாத உயரத்துல பனியில ஆணியா அடிப்பீங்க? இன்னொரு வண்டிதான் நங்கூரம், அதுக்கும் செயினும் சக்கரத் தடையும் வேணும். மின் வின்ச் முழு பாரத்துல ஏறத்தாழ 400 ஆம்பியர் இழுக்கும். கடுங்குளிர்ல பேட்டரியோட திறன் பாதியளவுக்கு இறங்கியிருக்கும். இன்ஜின் ஓடாம வின்ச் போட்டா அப்புறம் ரெண்டு பிரச்சனை.

கைனெட்டிக் கயிறைத் தப்பா வாங்கறவங்கதான் அதைக் குறை சொல்றாங்க. உடையும் பலம் மொத்த எடையைப்போல ரெண்டுல இருந்து மூணு மடங்கு, அதுவும் ரெண்டு வண்டியில லேசானதோட எடைக்கு. 2.5 டன் வண்டிக்கு 5 முதல் 7.5 டன். கொஞ்சம் கூடினா பரவாயில்ல, ரொம்பத் தடியா வாங்கினா அது நீளவே நீளாது, வெறும் கட்டி இழுக்கற கயிறு ஆயிடும். ரெண்டு மூணு மீட்டர் தொய்வு விட்டு, நடக்கற வேகத்தைக் கொஞ்சம் தாண்டி, மெதுவா.

புதுவழி:
தொய்வு விடறது தூள்பனிக்குச் சரி. ஐஸ்ல?

பனிச்சக்கரம்:
கயிறுகாரன் கயிறைப் பத்தி எழுதினதுல பாதியை விட்டுட்டார். நைலான் தண்ணி குடிக்கும், நனைஞ்சா பலம் 10 முதல் 15 சதவீதம் குறையும். இழைக்குள்ள தண்ணி உறைஞ்சா ஐஸ் துகள் உள்ளிருந்து நாரை அறுக்கும். அதனால தண்ணி போகாத பையில, கேபினுக்குள்ள. டிக்கியில ஈரத்தோட சுருட்டிப் போட்டா மறுநாள் காலையில அது கட்டை. இழுக்கும்போது நடுவுல கனமான விரிப்பு போடணும், ஆளுங்க கயிற்றோட நீளத்தைவிட ஒன்றரை மடங்காவது தள்ளி நிக்கணும்.

டிராக்‌ஷன் போர்டு? பட்டியல்ல அதை எப்படிப் பயன்படுத்தறதுன்னு ஒரு வரி இல்ல. சக்கரம் சுத்த விட்டா உராய்வுச் சூடு பல்லை உருக்கிடும், போர்டு மழுமழுன்னு ஆயிடும். ஐஸ் மேல வெச்சா போர்டே பின்னால பறக்கும், பின்னால ஆள் நிக்கக் கூடாது. ஒவ்வொரு போர்டுக்கும் நிறம் தெரியற நாடா கட்டணும், இல்லேன்னா பனிக்குள்ள புதைஞ்சதைத் தேடிக்கிட்டே இருக்கணும்.

இவ்வளவும் பண்ணிட்டு, கடைசியில பின்னைக் கால் சுற்று தளர்த்தி விடறதுல என்ன அறிவு இருக்கு?

கயிறுகாரன்:
திரும்ப அதே இடம். மரையில கொஞ்சம் கிரீஸ் தடவி, கால் சுற்று தளர்த்தினா உறைஞ்சாலும் வரும். தளர்த்தாம விட்டு உறைஞ்சதை எப்படிக் கழட்டுவீங்க, சுத்தியலாலயா?

பனிச்சக்கரம்:
கிரீஸ் தடவின மரையும் தளர்த்தின பின்னும் சேர்ந்தா அது தானாவே சுத்திக் கழலும். உங்க பதிலையே நீங்க படிச்சுப் பாருங்க. உறைஞ்சா வெந்நீர் பாட்டிலை மரைமேல வெச்சு உருக வைங்க, துடைச்சுட்டுத் திருப்புங்க. பின்னோட ஓட்டையில ஸ்க்ரூடிரைவரை நுழைச்சு நெம்பினா போதும்.

சரிவுப்பாதை:
ஷாக்கிளை எதில் மாட்டுவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இப்போதைய கார்களில் பம்பர் மூடிக்குப் பின்னால் திருகி மாட்டும் இழுவைக் கண் இருக்கும். அது சமதளத்தில் நேராக, மெதுவாக இழுப்பதற்கானது, கைனெட்டிக் அடிக்கு அல்ல. பல வண்டிகளில் அது இடப்பக்கம் திரும்பும் மரை, தெரியாமல் திருகினால் மரை நாசமாகும். பாதி திருகி விட்டால் வளைந்து ஒடியும். அந்த மூடி குளிரில் இறுகிவிடும், கிளம்புவதற்கு முன்பே திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். டிரெய்லர் மாட்டும் இரும்புப் பந்தில் கயிறு மாட்டுவதை விவாதிக்கவே வேண்டாம், அது ஒடிந்து பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

நாலுக்குநாலு:
செயினைப் பத்தி ஒருத்தரும் பேசலையே. ஒழுங்கா செயின் மாட்டினவன் கயிறையே எடுக்க மாட்டான். ஒரு ஜோடிதான் இருக்குன்னா முன்னால போடுங்க, இறக்கத்துல ஸ்டீயரிங் வேணும்.

பனிச்சக்கரம்:
முன்னால மட்டும் போட்டு இறக்கத்துல பிரேக் பிடிச்சா பின்பக்கம் சுழன்று முன்னால வரும். கையேட்டுல எந்த அச்சுன்னு எழுதியிருக்கும், அதைப் பார்க்காம முன்னால போடுன்னு சொல்ல நீங்க யார்? நாலு சக்கர இயக்கம்னா ரெண்டு ஜோடி எடுத்துக்கிட்டுப் போங்க. மாட்டி கொஞ்ச தூரம் ஓட்டின உடனே இறங்கி மறுபடி இறுக்கணும், வேகம் 40ஐத் தாண்டக் கூடாது.

நாலுக்குநாலு:
பின்னால மட்டும் போட்டா வளைவுல வண்டி நேரா பள்ளத்துக்குப் போகும். அதையும் சேர்த்து எழுதுங்க.

கயிறுகாரன்:
செயினையும் கால் சுற்று தளர்த்தக் கூடாதுன்னு அடுத்து ஒரு பதிவு வரும் பாருங்க.

பனிச்சக்கரம்:
செயின் தளர்ந்தா பிரேக் குழாயை அறுக்கும், அதனால அதுவும் தளரக் கூடாது. நீங்க இன்னும் என் கேள்விக்குப் பதில் சொல்லல. தொய்ஞ்சு விறைக்கற கயிற்றுல, தளர்த்தின பின் சுழலாம இருக்க எது பிடிச்சு வைக்குது?

கயிறுகாரன்:
ஒவ்வொரு இழுப்புக்கு அப்புறமும் போய்ப் பார்க்கற ஆளு பிடிச்சு வைக்கறான். நான் தளர்த்தித்தான் விடுவேன்.