கொலுசுக்குக் கண்ணி சேர்த்த கதை

கல்யாணத்தன்று போட்ட மெட்டி இன்றும் எனக்குச் சரியாக இருக்கிறது. கொலுசுக்குத்தான் மூன்று தடவை கண்ணி சேர்த்தாயிற்று. லிப்பெடீமா, அதாவது காலில் கொழுப்பு வலியோடு திரளும் நோய், எப்படி முற்றியது என்று கேட்டால் அந்தக் கொலுசைத்தான் காட்டுவேன்.

பெரியவளான வருஷமே தொடை பருக்க ஆரம்பித்தது. அம்மாவின் உடம்புவாகு என்றார்கள், சரி என்று விட்டுவிட்டேன். பஸ்ஸில் லேசாக இடித்தாலே ரத்தம் கட்டி நீலமாகும். தோல் அப்போது வழவழப்பாகத்தான் இருந்தது. அழுத்தினால் உள்ளே ஜவ்வரிசி மாதிரி நெருடும். இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் ஜவ்வரிசி நெல்லிக்காயானது. தோல் பழைய இலவம்பஞ்சு மெத்தை போல மேடும் பள்ளமுமானது. கணுக்காலுக்கு மேலே சதை மடிந்து நின்றது, பாதம் மட்டும் அப்படியே.

வாயைக் கட்டச் சொன்னார் ஒரு டாக்டர். கட்டினேன். 11 கிலோ இறங்கியது. முகம் ஒட்டி, ரவிக்கையெல்லாம் தொளதொளத்தது. கால் அசையவில்லை. அக்கம்பக்கத்தில் யானைக்கால் என்று பேச்சு கிளம்பவே, ராத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஒன்றுமில்லை.

கடைசியில் கண்டுபிடித்தவர் ரத்தநாள மருத்துவர். மெட்டி போடும் விரலின் அடியில் தோலைக் கிள்ளினார், கைக்கு வந்தது. நிணநீர், அதாவது உடம்புத் திசுக்களிலிருந்து வடியும் நீர், தேங்கியிருந்தால் அங்கே தோல் தடித்து, கிள்ள வராதாம், பாதமும் வீங்குமாம். எனக்கு இரண்டாம் கட்டம். மூன்றில் தொடையிலும் முட்டியிலும் சதை தொங்கும், நிணநீர் வீக்கமும் சேரலாம். 1940லேயே அமெரிக்காவில் ஆலன், ஹைன்ஸ் என்ற மருத்துவர்கள் எழுதிவைத்த நோய். எனக்கு அதன் பெயர் தெரிய 41 வயதானது!

பதில்: அக்கா, எனக்கு 29. ஐந்து வருஷமாக முதல் கட்டத்திலேயே நிற்கிறது. எல்லாருக்கும் ஏறிக்கொண்டே போகும் என்றில்லை. ஆனால் வலியில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. பையன் மடியில் முட்டி போட்டு ஏறினால் உயிர் போகிறது. கட்டத்துக்கும் வலிக்கும் நேர்க்கணக்கு கிடையாது என்றுதான் என் டாக்டரும் சொன்னார்.

பதில்: என் அம்மாவுக்கு மாதவிடாய் நின்றபோதுதான் வேகமெடுத்தது, கையும் பருத்தது. அழுத்தக் காலுறை போட்டால் சாயங்காலக் கனம் குறைகிறது, கொழுப்பு கரைவதில்லை. வெயில் காலத்தில் அதை மாட்டுவதற்குள் இருவருக்கும் வேர்த்துக் கொட்டிவிடும். ரப்பர் கையுறை போட்டு இழுங்கள், பிடி கிடைக்கும்.

பதில்: கையுறை நல்ல யோசனை தங்கச்சி. காலுறைக்கு அளவெடுக்கக் கொலுசைக் கழற்றச் சொன்னார்கள். திருகு சதைக்குள் புதைந்துகிடக்கிறது. நாளைக்குப் பத்தர் கடைக்குப் போக வேண்டும்.