தொழிற்பெயர் வேண்டாம், தொழில்வழிப்பெயர் என்போமா?

அனைவருக்கும் வணக்கம். முன்னோர் செய்த தொழிலிலிருந்து வந்த ஆங்கிலக் குடும்பப்பெயர்களுக்கு (occupational surname) ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதில் ஒரு நண்பர் கேட்டது:

> பட்லர், டெய்லர் போன்ற குடும்பப்பெயர்களைத் தொழிற்பெயர் என்று சொன்னால் போதாதா?

போதாது ஐயா. தொழிற்பெயர் என்றதும் பள்ளியில் தமிழ் படித்தவர்களுக்கு நடத்தல், ஆடல் என்றுதான் நினைவு வரும். இன்னொரு நண்பர் சொன்ன தொழிலாகுபெயரும் அப்படித்தான், வற்றுதல் என்ற தொழிலின் பெயர் வற்றிய பொருளுக்கு ஆகிவருவதற்கு, 'வற்றல் தின்றான்' என்று இலக்கணக்காரர்கள் எப்போதோ பட்டா போட்டுவிட்டார்கள்.

பட்லரையே எடுத்துக்கொள்வோம். பழைய பிரெஞ்சில் அவர் புட்டிக்குப் பொறுப்பானவர், அதாவது பெரிய வீடுகளில் ஒயினைக் கவனித்தவர். (நமக்கு அந்தச் சொல் பட்லர் இங்கிலீஷ் வழியாகத்தான் பழக்கம்.) ஆனால் அந்தப் பெயரோடு எழுத வந்தவர்களைப் பாருங்கள். சாமுவேல் பட்லர் என்றே இரண்டு பேர், தேடுகிறவர்கள் குழம்புவதற்கென்றே. முன்னவர் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறித்தவப் பிரிவினரைக் கிண்டலடித்து 'ஹூடிப்ராஸ்' பாடியவர், விவசாயி மகன், 1680இல் இறந்தார். பின்னவர் 1835இல் பிறந்த பாதிரியார் மகன், அப்பாவோடு ஒத்துப்போகாமல் நியூசிலாந்துக்குப் போய் ஆட்டுப் பண்ணை நடத்திக் காசு பார்த்துவிட்டு ஊர் திரும்பி, 1872இல் 'எரிவான்' (Erewhon) என்ற நாவலை வெளியிட்டார். அப்புறம் அமெரிக்காவின் ஆக்டேவியா பட்லர் (1947–2006), 'கின்ட்ரெட்' எழுதிய அறிவியல் புனைகதையாளர். அவருடைய அப்பா ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தவர். பெயரில் இருக்கிற ஒயின் புட்டிக்கும் இவர்கள் பிழைப்புக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

ஆக, முதல் பட்லருக்கு அது காரணப்பெயர், பேரப்பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்ட இடுகுறிப்பெயர். நமக்கு வேண்டியது இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சொல். 'மணிமேகலை' பாடிய கூலவாணிகன் (தானிய வணிகர்) சாத்தனாரை இங்கே இழுக்க வேண்டாம், அது அவர் செய்த வாணிகத்தைச் சொல்லும் அடைமொழி.

என் பரிந்துரை 'தொழில்வழிப்பெயர்'. தொழிலிலிருந்து வந்தது என்ற பொருளும் கிடைக்கிறது, வழிவழியாக வருவது என்ற பொருளும் அதே 'வழி'யில் ஒட்டிக்கொள்கிறது. சேர்த்தே எழுதுவோம், 'ப்' மிகும்.

ஸ்மித் (கொல்லர்), டெய்லர், குக் எல்லாம் தாராளமாக இதில் அடங்கும். போப்பை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். கவிஞர் அலெக்சாண்டர் போப்பானாலும் சரி, குறளை மொழிபெயர்த்த நம் ஜி.யு. போப்பானாலும் சரி, அது முன்னோர் பார்த்த வேலை இல்லை, எவருக்கோ ஊரார் வைத்த பட்டப்பெயராகத்தான் இருக்கும். அதற்கு 'பட்டவழிப்பெயர்' என்று வைத்தால் பட்டதாரி நினைவு வருகிறது. வேறு யாராவது சொல்லுங்களேன்.