புதுப்பிப்பு: ஷாங்காய் யூயுவான் தோட்டம் போய் வந்தாச்சு

ஷாங்காயில் ஒரே ஒரு காலை நேரம்தான் கிடைக்கும், யூயுவானுக்குப் போகலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். போனேன். 10ஆம் எண் மெட்ரோவில் யூயுவான் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன்: வளைந்து வளைந்து போகும் ஒன்பது திருப்பப் பாலமும் குளத்து நடுவே இருக்கும் தேநீர் மண்டபமும் டிக்கெட் வாங்கும் தோட்டத்துக்கு வெளியே, கடைவீதிப் பக்கம் இருக்கின்றன, அதையே தோட்டம் என்று நினைத்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

உள்ளே மொத்தமே 2 ஹெக்டேர்தான், ஆனால் சுவருக்குச் சுவர் பிரித்து ஒவ்வொரு வாசலிலும் புதிதாக ஏதோ ஒன்றைக் காட்டுகிறார்கள், அதனால் இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. சீனாவை மிங் வம்சம் ஆண்ட காலத்து அதிகாரி பான் யுன்துவான் தன் அப்பாவின் முதுமைக்காக 1559இல் தொடங்கியது. சுவர் மேலேயே ஓடும் டிராகன் சிற்பத்தைவிட, உடம்பெல்லாம் ஓட்டையான, 'ஜேட் பாறை' என்று அழைக்கப்படும் கல்தான் எனக்குப் பிடித்தது. அடியில் ஊதுபத்தி ஏற்றினால் எல்லா ஓட்டையிலும் புகை வருமாம்.

கடைவீதி? பழைய பாணிக் கூரைகள், புது வியாபாரம். பட்டுத் துண்டுக்குக் கால்குலேட்டரில் ஒரு விலை அடித்துக் காட்டினார் கடைக்காரர், நான் பாதி அடித்தேன், சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார், அப்போதே தெரிந்தது இன்னும் குறைத்திருக்கலாம் என்று. அப்புறம் ஷியாவ்லோங்பாவ், நம் கொழுக்கட்டை மாதிரிதான், ஆனால் உள்ளே கொதிக்கும் சூப். அவசரப்பட்டுக் கடித்ததில் நாக்கு இன்னும் எரிகிறது.