புதுப்பிப்பு: அண்ணனின் இருமலுக்குக் காரணம் தெரிந்தது

கல் அறுக்கும் அண்ணனுக்கு விடாத வறட்டு இருமல், காசநோயாக இருக்குமோ என்று முன்பு கேட்டிருந்தேன். சளியில் கிருமி இல்லை. சிடி ஸ்கேனில் நுரையீரலின் மேல்பகுதி முழுக்கச் சிறு முடிச்சுகள். சிலிக்கோசிஸ், அதாவது கல் தூசியில் உள்ள சிலிக்கா என்ற கனிமத்தால் வரும் நுரையீரல் நோய்.

சிலிக்கா துகளை விழுங்கும் பாதுகாப்பு செல்கள் அதை அழிக்க முடியாமல் தாமே மடிகின்றன. அந்த இடம் தழும்பாக இறுகுகிறது. பிறகு மாறுவதே இல்லை. மருத்துவர் இதைச் சொன்னபோது அண்ணன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் இன்னமும் வெள்ளைப் பொடி. முகத்தில் கட்டிய துண்டு காக்கும் என்று 18 ஆண்டுகள் நம்பியிருந்தார். அந்த நுண்துகளைத் துணி தடுக்காது.

காசநோய் தொற்றும் ஆபத்து இனி அவருக்கு அதிகம் என்பதால் பரிசோதனை தொடரும். வேலையை விட்டுவிட்டார். தண்ணீர் விட்டு அறுங்கள், எக்ஸ்ரே எடுங்கள் என்று உடன் வேலை செய்தவர்களிடம் நேற்று இருவரும் போய்ச் சொன்னோம். மூன்று பேர் எக்ஸ்ரே எடுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.